பட்டம் பெற்றபின் கற்ற மருத்துவர்கள்

நாய்க்கும் பூனைக்கும் நோய் பார்ப்பவரையும் நாம் கால்நடை மருத்துவர் என்றே அழைக்கிறோம். கால்நடை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வருபவை பசுவும் எருமையும் ஆடும் உழவு மாடுமே. வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கும் நாயை எவரும் கால்நடை என்று சொல்வதில்லை. இந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு மறைந்து கிடக்கிறது. விலங்கு மருத்துவம் உழைப்பும் ஊதியமும் தரும் பெரிய விலங்குகளின் பொருட்டே தோன்றியது. நாய், பூனை முதலிய சிறு விலங்குகள் அதனுள் கொல்லைப்புறமாகவே நுழைந்தன. ஆதலால் அவற்றைப் பேண முற்பட்ட மருத்துவர்கள், கல்லூரியில் கற்ற கல்வி போதாமையால், பட்டம் பெற்ற பின்னர்த் தாமே பயின்றும் ஒருவருக்கொருவர் பயிற்றுவித்தும் அறிவைத் தேட வேண்டியவர்களாயினர். அவர்கள் அவ்வாறு தேடிய கதையையே மாணவ மாணவியருக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதனை நிறுவிய குளோது பூர்ழலா, குதிரையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றின் தலைவர். அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயை அடக்குவது அப்பள்ளியின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. குதிரையும் மாடும் அங்கே பாடமாயின. நாய்க்கு அங்கு இடமில்லை.

இலண்டன் மாநகரின் கதை நமக்கு இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது. இனி அதையே பின்பற்றிச் செல்வோம். 1791இல் காம்டன் டவுன் என்னும் பகுதியில் அந்நகரின் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதன் முதல் தலைவர் பிரெஞ்சுக்காரரான சேன்பெல், பணியேற்ற சிறிது காலத்திலேயே 1793இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த எட்வர்டு கோல்மன், 1839இல் தாம் இறக்கும் வரை அப்பதவியில் நிலைத்திருந்தார். அவர் மனித மருத்துவம் பயின்றவர். குதிரைப் படையின் தலைமை விலங்கு மருத்துவர் பதவியும் அவரிடமே இருந்தது. பிரான்சோடு நிகழ்ந்த நெடும் போரில் படைக்கு விலங்கு மருத்துவர்கள் விரைந்து வேண்டியிருந்தனர். மூன்றாண்டுப் படிப்பாகத் திட்டமிடப்பட்டது கோல்மன் காலத்தில் சில மாதங்களாகச் சுருங்கிற்று. குதிரையின் குளம்பைப் பற்றி நுணுக்கமாகக் கற்ற இளைஞன், நாயின் நோயைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் சான்றிதழ் பெற்று வெளியேறினான். பாடத்திட்டம் வகுப்போர் எதனை விட்டுவிடுகின்றனர் என்பதை ஆசிரியத் தொழிலில் பல்லாண்டுகள் கழித்த எனக்குக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் உண்டு. கோல்மன் விட்டது சிறிதன்று.

அந்தக் குறையை நிரப்ப வந்தவர்கள் இருவர். டெலாபியர் பிளெய்ன் என்பவர் நாய் நோய்களைப் பற்றி 1817இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரோடு கூட்டாகத் தொழில் நடத்தி, பின்னர் அவர் இடத்துக்கு வந்தவர் வில்லியம் யூவாட். சமய ஊழியத்துக்கென்று பயிற்சி பெற்ற யூவாட் நடுவயதை நெருங்கும்போது விலங்கு மருத்துவத்துக்கு மாறினார். இலண்டனின் நாசோ தெருவில் அவர்கள் நடத்திய மருத்துவமனைக்கு நாய்கள் திரளாக வந்தன. பின்னாளில் இலண்டன் விலங்கியல் கழகத்தின் விலங்குகளையும் யூவாட் பார்த்துவந்தார். ஆகவே அவர் கண்ட நோய்களின் வகைக்கு அளவில்லை.

கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமை யூவாட்டின் பெருமை. 1828இல் தொடங்கிய 'தி வெட்டரினேரியன்' என்னும் மாத இதழின் ஆசிரியர்களுள் ஒருவராக அவர் இருந்தார். நாட்டுப்புறத்தில் தனித்துத் தொழில் புரிந்த மருத்துவர்கள் தாம் கண்ட நோயாளி விலங்கின் வரலாற்றை அதற்கு எழுதி அனுப்பினர். மருந்து பலித்தபோதும் எழுதினர். விலங்கு இறந்துபோய், உடலை அறுத்துப் பார்த்துக் கண்டதையும் எழுதினர். இலண்டன் பல்கலைக்கழகத்தில் யூவாட் நிகழ்த்திய விரிவுரைகளும் அதில் அச்சாயின. கல்லூரி வாயிலை மீண்டும் மிதிக்க இயலாத ஒருவர் நாயைப் பற்றிய பாடத்தைத் தம் ஊரிலிருந்தபடியே மாதந்தோறும் கற்க முடிந்தது. பட்டம் பெற்றவர்க்கான தொடர்கல்வி என்று இன்று நாம் சொல்வதன் வித்து இது என்பேன்.

அந்தக் கல்வியால் விளைந்த நன்மைக்கு வெறிநாய்க்கடி ஒன்றே போதிய சான்று. கடும் வெயிலாலும் நீர் வேட்கையாலும் நாய்க்குத் தானாகவே வெறி பிறக்கும் என்று அக்காலத்தில் கற்றோரும் நம்பினர். நூற்றுக்கணக்கான நாய்களைக் கண்ட யூவாட், கடியின் வழியாகவே இந்நோய் பரவுகிறது என்று வாதாடினார். 1830இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். நோய் கடியால் மட்டுமே பரவுமாயின், நாய்களைச் சில மாதங்கள் தனிமைப்படுத்தினால் அது நாட்டை விட்டே அகலும் என்பது அவர் கணக்கு. அன்று அதனைச் செவிமடுத்தோர் சிலரே. ஆயினும் நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டியும் வெளிநாட்டு நாய்களைத் தனித்து வைத்தும் பிரிட்டன் 1902இல் வெறிநோயை ஒழித்தது. முதல் உலகப் போருக்குப் பின் அது மீண்டும் நுழைந்தபோது, 1922இல் மறுபடியும் ஒழித்தது. யூவாட் இறந்தது 1847இல். தாம் சொன்ன சொல் மெய்யானதைக் காண அவர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்து குதிரையைத் தெருவிலிருந்து விரட்டியது. நகரத்து விலங்கு மருத்துவருக்குச் சோறு போட்டது குதிரை. அது போனபின் அவர் பார்வை நாயின்மீதும் பூனையின்மீதும் திரும்பியது. அப்போதும் 'நாய் வைத்தியர்' என்பது அத்தொழிலில் சற்று இளக்காரமான பெயர்தான். இந்த இளக்காரத்தைப் பொருட்படுத்தாதவர் பிரெடரிக் ஹாப்டே. நாய், பூனை ஆகியவற்றின் அறுவை மருத்துவம் பற்றிய நூல் எழுதி, அவற்றுக்கு மயக்க மருந்து கொடுத்து வலியின்றி அறுவை செய்யும் முறையைச் சக மருத்துவர்களிடையே பரப்பினார். அவரே 1927இல் இலண்டன் கல்லூரியின் தலைவரானார். கோல்மன் அமர்ந்த நாற்காலியில் ஒரு நாய் மருத்துவர் அமர ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

ஏழை மக்களின் விலங்குகளை யார் பார்ப்பது என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. 1917இல் மரியா டிக்கின் என்னும் அம்மையார், கிழக்கு இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், ஒரு நிலவறையில், ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். கூட்டம் அலைமோதியது. அங்கே மருத்துவம் செய்தவர்களுள் பட்டம் பெறாதாரும் இருந்தமையால் பட்டம் பெற்ற மருத்துவர்கள் சினந்தனர். அவர்கள் சினத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை நான் ஏற்கமாட்டேன். ஏழையின் பூனைக்கு அவர்கள் முன்னரே வழிசெய்திருந்தால் அம்மையாருக்கு அங்கே வேலையே இருந்திராது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கு மருத்துவத்தைப் பதிவு பெற்றவர்க்கே பெரிதும் உரியதாக்கிற்று. அம்மையாரின் நிறுவனம் பட்டம் பெற்ற மருத்துவர்களைக் கொண்டு இன்றும் இயங்கிவருகிறது.

நாய் மருத்துவத்தை இளக்காரமாக எண்ணியோர் வாயடைக்கச் செய்த நிகழ்ச்சி ஒன்று இதற்கிடையில் நடந்தது. டிஸ்டெம்பர் என்னும் நோய் நாய்க்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுவந்தது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ், பிறகு வலிப்பு, பிறகு சாவு. அதன் காரணம் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு கிருமி என்று பிரான்சு நாட்டின் ஆன்றி கர்ரே 1905இல் எழுதினார். பலர் நம்பவில்லை, வேறொரு பாக்டீரியாவையே குற்றவாளி என்றனர். கருத்து வேற்றுமை இருபதாண்டுகள் நீடித்தது. நாய் வளர்ப்போர் விரும்பிப் படித்த 'தி பீல்டு' என்னும் ஆங்கில இதழ் வாசகரிடம் நிதி திரட்டி ஆராய்ச்சிக்கு வழிவகுத்தது. இலண்டனை அடுத்த மில் ஹில்லில் லெய்ட்லா, டங்கின் என்னும் இருவர் ஆய்வு நடத்தினர். பெரெட் என்பது கீரியைப் போன்ற நீண்ட உடலுடைய ஒரு சிறு விலங்கு. டிஸ்டெம்பர் அதனை எளிதில் தொற்றும் என்பதை அறிந்து, அதனைக் கொண்டே கர்ரே சொன்னது சரி என நிறுவினர். 1928இல் தடுப்பு மருந்து முறையையும் வெளியிட்டனர்.

1933இல் இலண்டனில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியது. 1918இல் கோடிக்கணக்கான உயிரைக் குடித்த அந்நோயின் கிருமி எது என்று அதுவரை எவரும் உறுதிசெய்யவில்லை. லெய்ட்லாவும், அவருடன் ஸ்மித், ஆண்ட்ரூஸ் என்போரும், நோயாளியின் தொண்டை கொப்புளித்த நீரை எடுத்து, டிஸ்டெம்பர் ஆய்வில் பழகிய அதே பெரெட்டின் மூக்கில் விட்டனர். பெரெட் தும்மியது, காய்ச்சல் கண்டது. மனிதரின் இன்புளுவென்சா வைரசு அன்று பிடிபட்டது. நாய்க்குட்டிக்காகத் திறந்த கதவு மனிதருக்கும் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்களில் செல்ல விலங்குகள் பெருகின. கல்லூரிப் பாடமோ பெரும்பாலும் பண்ணை விலங்கையே சுற்றிவந்தது. அமெரிக்காவில் சிறு விலங்கு மருத்துவமனைகள் 1933லேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துத் தர விதிகளை வகுத்திருந்தன. பிரிட்டனில் 1957இல் சிறு விலங்கு மருத்துவர் சங்கம் தோன்றியது. வேலை செய்யும் மருத்துவர்களே மாநாடு கூட்டினர், தாம் கண்டவற்றை உரையாக நிகழ்த்தினர், நோய்தோறும் கையேடு எழுதினர். 1960இல் அவர்களுக்கென ஒரு தனி ஆராய்ச்சி இதழும் எழுந்தது. 1964இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் கிர்க், அன்றைய மருத்துவ முறைகளைத் தொகுத்த பெருநூல் ஒன்றைப் பதிப்பித்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதிதாகவே எழுதவேண்டியிருந்தது. முந்திய பதிப்பின் மருத்துவம் அதற்குள் பழையதாகிவிட்டது.

கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1965இல் பட்டமேற்படிப்புக் குழு ஒன்று அமைந்தது. அதன் இயக்குநர் ஹங்கர்போர்டு, நூல் நடையை எதிர்பாராமல், கண்டதைக் கண்டபடி கடிதமாக எழுதி அனுப்புமாறு மருத்துவர்களைக் கேட்டார். அக்கடிதங்களை அச்சிட்டு அனைவருக்கும் அனுப்பினார். யூவாட்டின் இதழை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வளவு கற்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பூனையை எடுத்துக்கொள்வோம். பூனை ஒரு சிறிய நாய் என்று எண்ணி மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுப்பது நெடுங்காலப் பழக்கம். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. குருதியின் செந்நிறப் பொருள் கெட்டு, உயிர்வளியைச் சுமக்க இயலாமல் அது மூச்சுத் திணறும். இரக்கத்தால் வீட்டார் கொடுத்த ஒரு மாத்திரையே கொன்றுவிடக்கூடும். நாயின் உண்ணிக்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு அத்தகையதே.

பழைய பாடத்தின் குறை இது. பாடத்திலேயே இருந்திராத நோயும் வருவதுண்டு. 1978இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எனப் பல கண்டங்களில் ஒரே காலத்தில் நாய்க்குட்டிகள் குருதி கலந்த கழிச்சலாலும் வாந்தியாலும் மடியத் தொடங்கின. எந்த நூலிலும் அந்நோய் இல்லை. வைரசு பூனையின் ஒரு கொள்ளை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு என்று ஆய்வாளர் கண்டறிந்தனர். அச்செய்தி இதழ்கள் வழியாகவும் கூட்டங்கள் வழியாகவும் மருத்துவர்களை எட்டியது. நாய்க்கெனத் தனித் தடுப்பூசி ஆயத்தமாகும் வரை பூனைத் தடுப்பூசியையே நாய்க்குப் போட்டுப் பல குட்டிகளைக் காத்தனர். பார்வோ என இன்று நம் ஊர்களிலும் அஞ்சப்படும் நோய் அதுவே. இத்தகைய அனுபவங்களுக்குப் பின்னரே தொடர்கல்வி கடமையாயிற்று. இன்று பிரிட்டனில் பதிவு பெற்ற ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் ஆண்டுக்கு 35 மணி நேரம் கற்றதற்குக் கணக்குக் காட்டவேண்டும்.

நம் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. 'இந்தியக் கால்நடை மருத்துவ இதழ்' 1924 முதல் இந்நகரிலிருந்து வெளிவரலாயிற்று. மாவட்ட மருந்தகங்களில் மாடுகளுக்கிடையே நாளைக் கழித்த மருத்துவர்களுக்கு அது கல்லூரியின் தொடர்ச்சி. பார்வோ நோயைப் பற்றிய கட்டுரைகள் சென்னை ஆய்வாளர்களிடமிருந்து 1980களின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. அவற்றை எழுதியவர்களும் படித்தவர்களும் கல்லூரியில் பயின்ற நாளில் அந்நோய்க்குப் பெயரே இருந்ததில்லை.