இடர்மிகு கர்ப்பப் பராமரிப்பும் மருத்துவ ஆய்வுகளின் தர மதிப்பீடும்: ஜவ்வாது மலை

தாயின் உயிருக்கோ கருவின் உயிருக்கோ வழக்கத்தைவிட மிகுந்த ஆபத்து உள்ள கர்ப்பம் இடர்மிகு கர்ப்பம் எனப்படும். உயர் இரத்த அழுத்தம், கடும் இரத்தசோகை, நீரிழிவு, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன் ஆகியவை இதன் முதன்மைக் காரணங்கள். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில், மலையாளிப் பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்வதாலும், சாலை எட்டாத இடங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வர நேர்வதாலும், மருத்துவமனைக்கு உள்ள தொலைவும் ஓர் இடராகிறது.

இம்மலையை ஒட்டிய பகுதியில் நவீன மகப்பேற்று மருத்துவம் வேரூன்றியதற்குப் பேறுகால மரணமே காரணமாயிற்று. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கை மருந்தகத்தைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி பின்னாளில் ஜவ்வாது மலையிலும் சமுதாய மருத்துவப் பணியை மேற்கொண்டது.

மருத்துவ ஆய்வுகளின் தரத்தை அளக்கும் முறையும் மகப்பேற்றுத் துறையிலேயே பெரிதும் உருப்பெற்றது. சோதனைச் சான்று குறைந்த துறை என்று 1979இல் அதைக் கடிந்தவர் ஆர்ச்சி காக்ரேன். அதன்பின் இயன் சால்மர்ஸ் குழுவினர் பேறுகால ஆய்வுகளைத் திரட்டி, 1989இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டனர். அத்தகைய 250 ஆய்வுகளை அலசிய கென்னத் ஷுல்ஸ் குழு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை முன்கூட்டி ஊகிக்க இயலாதபடி காக்கும் 'ஒதுக்கீட்டு மறைப்பு' சரியாக அமையாத ஆய்வுகள், வாய்ப்பு விகித அளவில் பலனை 41% மிகைப்படுத்தியதை 1995இல் காட்டியது. இந்தியாவில் மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கப்பட்டு, 2009இல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயமானதால், பாதகமான முடிவுகளை மறைப்பது கடினமாயிற்று.

ஆயினும் நன்கு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடுவதில்லை. குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குச் செலுத்தப்படும் ஸ்டீராய்டு, குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் என்பதை 1972இல் லிக்கின்ஸ், ஹவீ ஆகியோர் நியூசிலாந்தில் நிறுவினர். அதே மருந்தைக் கிராமப்புறச் சுகாதார அமைப்பின் வழியே பரவலாக அளித்த ஆறு நாட்டு ஆய்வில், பெல்காமும் நாக்பூரும் இடம்பெற்றிருந்தன. 2015இல் வெளியான அதன் முடிவின்படி, மிகச்சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. அனைத்துப் பச்சிளங்குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு உயர்ந்திருந்தது. மாறாக, கர்ப்ப வாரம் அல்ட்ராசவுண்டால் உறுதிசெய்யப்பட்டு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் வாய்த்த மருத்துவமனைகளில், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, இறப்பு குறைந்ததை 2020இல் காட்டியது.

ஆகவே மலைப்பகுதிக்கான தர மதிப்பீட்டில் இரு கேள்விகள் எழுகின்றன: ஆய்வு பிழையின்றி நடந்ததா என்பதும், அது நடந்த சூழல் இங்கு உண்டா என்பதும். இடர் கண்டறியப்பட்ட தாய்மாரைப் பிரசவ நாளுக்கு முன்பே மருத்துவ நிலையத்தருகே தங்கவைக்கத் தமிழ்நாடு அரசு பழங்குடிப் பகுதிகளில் அமைத்த பிரசவக் காத்திருப்பு அறைகள், இரண்டாவது கேள்விக்கான நடைமுறை விடையாகும். மருந்து பலன்தருவதற்கான சூழல் மலைமேல் இல்லாதபோது, அச்சூழல் உள்ள இடத்துக்குத் தாயை உரிய காலத்தில் கொண்டு சேர்ப்பதற்கு அவை வழிசெய்கின்றன.