மாற்றுத்திறனாளி மாணவர்கள் கல்லூரியில் கேட்டுப் பெற வேண்டியவை

பார்வையிலோ கேட்கும் திறனிலோ கை கால் இயக்கத்திலோ குறைபாடுள்ள பிள்ளை பிளஸ் 2 முடித்ததும், "இதுவரை படித்ததே போதும்" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. வேறு சில வீடுகளில், வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்ற அச்சத்தில் சான்றிதழே வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு பிள்ளைக்குத்தான். கல்லூரி தர வேண்டிய வசதிகளைச் சட்டம் தெளிவாக வகுத்திருக்கிறது. ஆனால், கேட்காதவருக்கு அவை தானாகக் கிடைப்பதில்லை.

ருக்ஸத் என்பதை நாம் அறிவோம்

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். அவருடைய தொழுகையை யாரும் அரைத் தொழுகை என்று சொல்வதில்லை. கடமை அதேதான், நிறைவேற்றும் முறைதான் மாறுகிறது. கல்லூரி வசதிகளும் இப்படிப்பட்டவையே. வினாத்தாள் அதேதான், மதிப்பெண் அளவும் அதேதான்; விடை எழுதும் வழி மட்டும் மாறுகிறது. அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டுத்தான் 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் 21 வகைக் குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், தலசீமியா, ஹீமோபீலியா ஆகியவையும் இவற்றுள் அடங்கும். தேவையான நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடே என்பது இச்சட்டத்தின் முக்கியமான விதி.

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. வயது உச்சவரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு.

தேர்வில்

மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, 'சொல்வதை எழுதுபவர்' வசதி பெறும் மாணவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். எழுதுபவரை மாணவரே அழைத்து வந்தால், அவரது கல்வித் தகுதி மாணவரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று அந்த 2018 நெறிகள் கூறின. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அந்தந்த ஆண்டின் தேர்வு அறிவிப்பையும் படித்துக்கொள்ளுங்கள்.

40 சதவீதத்துக்குக் குறைவான குறைபாடு என்றால் எதுவும் கிடையாது என்று சில அலுவலகங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால், 40 சதவீதம் இல்லை என்பதற்காக மட்டும் எழுதுபவர் வசதியை மறுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம் அவசியம்.

வகுப்பறையில்

பார்வைக் குறைபாடு உள்ளவர்: பாடக்குறிப்புகளைப் படமாக ஸ்கேன் செய்து தராமல், எழுத்து வடிவக் கோப்பாகத் தரும்படி கேளுங்கள். அப்போதுதான் என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் அதை வாசித்துக் காட்டும். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ளக் காப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தத்தில் இடமளித்துள்ளது. சுகம்ய புஸ்தகாலய என்ற இணைய நூலகத்திலும் இத்தகைய நூல்கள் உள்ளன.

கேட்கும் திறன் குறைந்தவர்: முன்வரிசை இருக்கை, எழுத்தில் குறிப்புகள், தேவைப்பட்டால் சைகை மொழிபெயர்ப்பாளர்.

நடப்பதில் சிரமம் உள்ளவர்: தரைத்தளத்தில் வகுப்பும் தேர்வு அறையும், சாய்வுதளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை. சேருவதற்கு முன்பே கல்லூரிக்கு நேரில் சென்று இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கற்றல் குறைபாடு உள்ளவர்: பள்ளியில் பெற்ற சலுகை கல்லூரியிலும் தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேட்கும் முறை

1. முதலில் யு.டி.ஐ.டி. எனும் தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். மருத்துவமனையில் பரிசோதித்த பிறகே அட்டை கிடைக்கும் என்பதால், பிளஸ் 2 படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள்.

2. சேர்ந்த முதல் வாரத்திலேயே, என்னென்ன வசதி தேவை என்று பட்டியலிட்டு முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வையுங்கள். வாய்மொழி உறுதி தேர்வு நாளில் கைகொடுக்காது.

3. தேர்வு வசதிக்கான விண்ணப்பம் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

4. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால், அங்குள்ள குறைதீர்ப்பு அலுவலரிடம் முறையிடுங்கள். அதன் பின்னும் தீராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் அளிக்கலாம்.

ஜமாஅத் செய்யக்கூடியது

தேர்வுக் காலத்தில் எழுதுபவர் கிடைக்காமல் அலையும் மாணவர்கள் பலர். பிளஸ் 2 முடித்த, தெளிவாக எழுதக்கூடிய பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு மஹல்லாவும் வைத்திருக்கலாம். மூன்று நான்கு மணி நேர உழைப்புதான். அது ஒருவரின் ஓராண்டுப் படிப்பைக் காப்பாற்றும். மஹல்லாவில் சான்றிதழ் வாங்காத பிள்ளைகள் யார் யார் என்று கேட்டறிந்து, அவர்களை மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்வதும் ஜமாஅத்தின் வேலையே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் குறைபாட்டை மறைப்பதால் அது குறையப் போவதில்லை. அவர் பெற வேண்டிய வசதிகள்தாம் கைநழுவும். இந்த ஆண்டு சேர்க்கைக்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், வழி பிறக்கும்.