ஒவ்வாமையும் மருந்தின் பெயரும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, கல்முனை செல்லும் வீதியில் அமைந்துள்ள களுதாவளை, வெற்றிலைச் செய்கைக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊராகும். அங்கு வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவர், தமக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை நன்கறிந்துள்ளார் எனக் கொள்வோம். காய்ச்சலுக்காக அவர் வாங்கும் குளிகைப் பெட்டியில் வணிகப்பெயரொன்று பெரிதாகவும், அமொக்சிசிலின் என்னும் பெயர் சிறிய ஆங்கில எழுத்திலும் காணப்படுகின்றன. அமொக்சிசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் பெற்றிருந்த அறிவு அவருக்கு உதவாது போகின்றது. இந்நிலையின் வரலாற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

உடலில் திடீரெனத் தோன்றும் தடிப்பையும் தினவையும் தமிழ் மருத்துவ மரபு 'காணாக்கடி' என்றழைத்தது. கடித்தது எதுவெனக் காணாதபோதும், புறப்பொருளொன்றே காரணமென மக்கள் ஊகித்திருந்தனர். அவ்வூகத்திற்கு அறிவியல் விளக்கம் இருபதாம் நூற்றாண்டிலேயே கிட்டியது. 1902இல் பிரான்சிய அறிஞர் ரிஷேயும் போர்த்தியேயும் கடலனிமனியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். முதன்முறை நஞ்சைத் தாங்கிய நாய், சில வாரங்களின் பின் செலுத்தப்பட்ட மிகச் சிறிதளவிற்கே மாண்டது. 1906இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே, இத்தகைய மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். நாம் அதனை ஒவ்வாமை என்கின்றோம்.

1928இல் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், 1940களில் பெருமளவில் உற்பத்தியாகி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் அம்மருந்தின் ஒவ்வாமையால் நேர்ந்த மரணம் பற்றி 1949இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதப்பட்டது. பெனிசிலின் உடற்புரதங்களோடு பிணையும்போது, சிலரது உடல் அதனைப் பகையெனக் கொண்டு ஐ.ஜீ.ஈ. என்னும் பிறபொருளெதிரியை உண்டாக்குகின்றது. மீண்டும் அம்மருந்து உட்செல்லின் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்பன சில நிமிடங்களிலேயே தோன்றலாம். அவ்வேளை தொடைத்தசையில் தாமதமின்றி ஏற்றப்படும் அதிரினலின் ஊசியே உயிர்காக்கும் முதன்மருந்தாகும்.

உடல் நினைவில் வைத்திருப்பதை நோயாளியும் மருத்துவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்கு மருந்தின் உண்மைப்பெயர் தெரிதல் இன்றியமையாதது. பேராதனைப் பல்கலைக்கழக மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையும், அவ்வாண்டே தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் மருந்துகளைப் பொதுப்பெயரால் வழங்கும் கொள்கையை முன்னெடுத்தன. அக்கொள்கை பெரும்பாலும் விலைபற்றியதாகவே பேசப்படுகின்றது. ஏழை நோயாளியின் உயிர்ப்பாதுகாப்பும் அதனுள் அடங்கியிருந்தது என்பதே எமது கருத்தாகும். ஒரு மருந்துக்குப் பல வணிகப்பெயர்கள் இருக்கும்போது, விலக்கவேண்டியதை விலக்க நோயாளியால் இயலாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெனிசிலின் ஒவ்வாதெனக் குறிக்கப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர், முறையாகச் சோதிக்குமிடத்து அதனைத் தாங்குகின்றனர் என மேனாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுவயதில் தோன்றிய வைரசுத் தடிப்பு, சாதாரண வயிற்றோட்டம் ஆகியவையும் ஒவ்வாமையெனப் பதியப்படுகின்றன. இதன் விளைவாக விலைகூடிய, பரந்த வீச்சுடைய மருந்துகள் வழங்கப்பட, கிருமிகளின் எதிர்ப்பாற்றல் வளர்கின்றது. ஆயினும் இச்சோதனை மருத்துவமனையிலேயே நிகழ வேண்டும். எவரும் தாமாகவே மருந்தை உண்டு பார்த்தல் ஆகாது.

1978 நவம்பர்ச் சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை ஆகியவற்றைக் கண்ட மட்டக்களப்புக் கரையோரத்தில், வீட்டிலுள்ள ஏடுகளும் கொப்பிகளும் நிலைப்பனவல்ல. ஆதலால் எம்மருந்து, எப்போது, எவ்வகை எதிர்வினை என்னும் மூன்றும் வைத்தியசாலைப் பதிவேட்டிலும் நோயாளியின் கையிலும் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மருந்துப் பெட்டியிலும் பொதுப்பெயர் அவரது மொழியில் பெரிதாக அச்சிடப்படல் வேண்டும். தன் உடலுக்குள் செல்வது இன்னதென்று அறிவது களுதாவளைத் தோட்டக்காரரின் உரிமை. அதனைச் சலுகையாகக் கருதுதல் தகாது.