விரலுக்கு எத்தனை சதவீதம்? – இழப்பீட்டுச் சட்டம் பற்றிய சில குறிப்புகள்

என் பெரியப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். "மில்லுல காசு குடுத்தாங்களா பெரியப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மில்லு காசு இல்லடா, இ.எஸ்.ஐ. காசு. மாசாமாசம் வருது" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது புரியவில்லை. காசு காசுதானே! பிறகு பழைய சட்டங்களைப் புரட்டியபோதுதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கதை இருப்பது தெரிந்தது.

ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் 1889-இல் தோன்றியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், இந்தியாவில் இயந்திரத்தில் கைபோன தொழிலாளிக்கு நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் முதலாளி மீது குற்றத்தை நிரூபிக்க வேண்டும். மாசக் கூலிக்காரன் எந்த வக்கீலை வைப்பான்? 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1924 ஜூலை 1 முதல் அமல்) இந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டது. வேலையின்போது, வேலையால் அடிபட்டானா? அப்படியானால் பணம் கொடு. தப்பு யாருடையது என்ற ஆராய்ச்சி, குடிபோதை மாதிரி சில விலக்குகளோடு நின்றுவிட்டது. இந்த உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்துவிட்டாலும் செல்லாது என்று ஒரு பிரிவு உண்டு. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு அதுதான்.

பிடிக்காதது, அல்லது பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைவது, முதல் அட்டவணை. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போகிறது என்ற பட்டியல். முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70, இடது கை போனால் 60. (இடதுகைக்காரன் என்ன செய்வான்?) ஒரு கண் 30. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற விரல் எதுவானாலும் 5.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மாதம் 20 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு 42 மாதக் கூலி, அதாவது 840 ரூபாய். அதில் ஆள்காட்டி விரலின் பங்கு 84. சுண்டுவிரல் 42. ஆள் செத்தே போனால்? 30 மாதக் கூலிதான், 600 ரூபாய். இருக்கிறவனுக்குச் சோறு போட வேண்டும், செத்தவனுக்கு வேண்டாம் என்ற கணக்கு. இன்றைய சட்டத்திலும் சாவுக்குக் கூலியில் 50 சதவீதம், முழு ஊனத்துக்கு 60 சதவீதம் என்றுதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வரும்? 1923 சட்டம் முதலாளியைப் பொறுப்பாளி ஆக்கியதே தவிர, காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 1884-லேயே முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் சேர்ந்து விபத்து நிதி கட்ட வேண்டும் என்று பிஸ்மார்க் கட்டாயமாக்கியிருந்தார். இங்கே அது அவரவர் இஷ்டம். பம்பாய் மில் முதலாளிகள் கெட்டிக்காரர்கள். சட்டம் அமலுக்கு வந்த அதே 1924-இல் மில்லோனர்ஸ் மியூச்சுவல் இன்சூரன்ஸ் அசோசியேஷன் என்று தங்களுக்குள் ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒரு மில்லில் விபத்து என்றால் எல்லா மில்லின் சந்தாவிலிருந்தும் பணம் போகும். பெரிய மில்லுக்கு இதெல்லாம் சுலபம். பத்துப் பதினைந்து பேரை வைத்து ஜின்னிங் ஆலை நடத்துகிறவர் காப்பீடும் எடுக்காமல், கையிலும் காசு இல்லாமல் நின்றால், தொழிலாளியிடம் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் இ.எஸ்.ஐ. பி.பி. அடார்க்கர் 1944-இல் கொடுத்த அறிக்கை, 1948-இல் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம், 1955-இல் கோவை. பிறகு மதுரைக்கும் வந்தது. தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் பழைய சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் மொத்தமாக ஒரு தொகைக்குப் பதில், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதப் பணம். முதலாளி நொடித்துப் போனாலும் நிற்காது. பெரியப்பா "மில்லு காசு இல்லடா" என்று கொஞ்சம் கெத்தாகச் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அதே மதுரையில் வீட்டுத் திண்ணையில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட பெண்கள், கொதிக்கிற சாயத்தொட்டிப் பக்கம் நின்றவர்கள், கீழமாசி வீதியில் மூட்டை தூக்கியவர்கள்? தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் வராதவர்களுக்கு இந்த நிதி எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல்தான் வந்தது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல். மதுரா மில்ஸ் தொடங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது!

போன மாதம் எங்கள் தெருவில் மாடி எடுக்கிற வீட்டில் சாரம் சரிந்து ஒரு கொத்தனாருக்குக் கால் முறிந்தது. வாரிய அட்டை இருக்கா என்று கேட்டேன். "இருக்குண்ணே, புதுப்பிக்கல" என்றார்.