தோலுக்கடியில் ஊர்வதும் காதுக்குள் பேசுவதும்

கோகெயின் பழக்கம் முற்றியவர் ஜன்னல் திரையைச் சற்றே விலக்கித் தெருவை நோட்டம் விடுகிறார். மனச்சிதைவு நோயாளியும் அப்படியேதான் விலக்குகிறார். 'போலீஸ் நிற்கிறது' என்கிறார் ஒருவர். 'எனக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்' என்கிறார் மற்றவர். (போதைப்பொருளைப் பையில் வைத்திருப்பவரின் போலீஸ் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருப்பது தனிக் கூத்து.) நள்ளிரவு அவசரப் பிரிவில் இருவரையும் அருகருகே உட்காரவைத்தால், அனுபவசாலியான மருத்துவரும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பார்.

சற்று நேரம் பேசவிட்டால் வேற்றுமை தெரியும். மனச்சிதைவின் தொல்லை பெரும்பாலும் காது வழியே வருகிறது: குரல்கள் ஏசும், தங்களுக்குள் இவரைப் பற்றியே பேசிக்கொள்ளும். கோகெயினுக்கோ தோல் பிடித்தமான இடம். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக நோயாளிகள் தவிப்பதை பிரெஞ்சு மனநல மருத்துவர் வாலன்டின் மான்யான் 1889இல் விவரித்தார். அந்த அறிகுறிக்கு அவர் பெயரே நிலைத்தது. பூச்சியைத் தோண்டி எடுக்கப் பார்த்துக் கையெல்லாம் புண்ணாக்கிக்கொள்வார்கள். உதிர்ந்த தோல் துணுக்கையும் நூல் பிசிறையும் தீப்பெட்டியில் போட்டு, 'இதோ பாருங்கள்' என்று நீட்டுவோரும் உண்டு. சிக்மண்ட் ஃபிராய்டின் நண்பர் ஃப்ளைஷ்லுக்குப் பூச்சி போதவில்லை. மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீட்பதாக நம்பி 1884இல் ஃபிராய்ட் கொடுத்த கோகெயின், நண்பரின் உடம்பில் வெள்ளைப் பாம்புகளையே ஊரவிட்டது.

காலக்கணக்கிலும் இரண்டும் விலகுகின்றன. கோகெயின் தந்த பிரமை பெரும்பாலும் மணிகளில், நாட்களில் கலையும். மனச்சிதைவு மாதக்கணக்கில் தங்கும். முன்னவர் தெளிந்தபின் வெட்கப்படுகிறார். பின்னவருக்கோ பல வேளைகளில் வெட்கப்பட எதுவும் நடக்கவில்லை.

இவ்வளவு விலகியவை மூளைக்குள் உறவாகிவிடுவதுதான் வியப்பு. பாய்ந்த டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் வடிகாலைக் கோகெயின் அடைக்கிறது. மனச்சிதைவிலோ மதகே அளவுக்கு மீறித் திறந்துகொள்கிறது. வயலில் நிற்பது ஒரே வெள்ளம். 1952இல் மனநோய் சிகிச்சைக்கு வந்த குளோர்ப்ரோமசீன் வகை மருந்துகள் டோபமைன் ஏற்பிகளை மறிப்பவை. இரு தரப்புப் பிரமைகளையும் அவை தணிக்கின்றன. ஆனால் கோகெயின் மீதான ஏக்கத்தை அவை அசைப்பதில்லை.

வெள்ளத்தை மட்டுமே பார்த்தால் ஒப்பீடு பாதியில் நின்றுவிடும். கோகெயின் இறங்கியவர் எதிலும் ருசியின்றிப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார். குரல்கள் அடங்கிய மனச்சிதைவு நோயாளியும் பல் துலக்கக்கூட மனமின்றி அப்படியே கிடக்கிறார். முதலாமவருக்குச் சில நாள், சில வாரம், இரண்டாமவருக்கு ஆண்டுகள்கூட. வாசலில் நிற்கும் உறவினர் இருவருக்கும் வைக்கும் பெயர் ஒன்றே: சோம்பேறி.