வெளியீட்டுத் தயார்நிலை

திறமூல மென்பொருளின் புதிய பதிப்பைப் பயனர் கையில் கொடுக்கலாமா என்று அதை உருவாக்குவோர் கூடி எடுக்கும் முடிவு. லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1993இல் தொடங்கிய டெபியன் திட்டம் வெளியீட்டுக்கு முன்கூட்டியே நாள் குறிப்பதில்லை. முதலில் புதிய வசதிகள் சேர்ப்பது நிறுத்தப்படும். பிறகு வழுக்களைக் களையும் வேலை மட்டுமே. தரவை அழிப்பது, பாதுகாப்பைக் குலைப்பது போன்ற கடும் வழுக்கள் தீரும்வரை வெளியீடு காத்திருக்கும். மற்றொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 2004 முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று என நாள் வைத்து வெளியிடுகிறது. ஆயினும் 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஜூனுக்குத் தள்ளிவைத்தது. நீண்டகால ஆதரவு தரும் பதிப்பு என்பதால் அது சரியான முடிவே.

இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வழியே திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களின் மாணவர்களிடமும் அது சென்றது. இத்தகைய பதிப்பில் 'கொ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் சரியாக அமர்கின்றனவா, கோப்பைச் சேமித்துத் திறந்தாலும் அச்சிட்டாலும் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது சிறு வேலையன்று. வழு இருந்தால் நாள்தோறும் தமிழில் தட்டுபவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். சோதனைப் பதிப்பிலேயே அவர் அதை எழுதி அனுப்பிவிட வேண்டும். வெளியான பின் வரும் புகார் பெரும்பாலும் அடுத்த பதிப்புக்கே உதவும்.