மிளகுக் கிடங்கில் ஒரு கலைக்கூடம்

சுள்ளிக்கல்லில் வாழும் நம் குடும்பங்கட்குக் கோட்டைக் கொச்சி அயலூர் அன்று. மாலையிற் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்வருகிறோம். ஆயினும் அங்கே நீர்முகத்தில் நிற்கும் ஆஸ்பின்வால் மாளிகையினுள் அடிவைத்தவர் நம்மிற் சிலரே. "அது ஓவியர்க்கும் வெளிநாட்டார்க்கும் உரியது, நமக்கென்ன?" என்பாரைக் கண்டிருக்கிறோம். அவ்வாறு ஒதுங்குதல் பொருந்துமா?

1867-இல் ஜான் ஆஸ்பின்வால் என்னும் ஆங்கில வணிகர் தொடங்கிய வாணிக நிலையம் மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய் முதலியவற்றைக் கப்பலேற்றி வந்தது. வாணிகம் ஓய்ந்தது, கிடங்குகள் வெறுமையாயின. 2012 டிசம்பர் 12-ஆம் நாள், போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் கலைஞர் இருவரின் முயற்சியால், கொச்சி-முசிறிஸ் பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழா இங்கே அரங்கேறிற்று.

முசிறிஸ் என்பது பிறிதன்று. நம் சேரர் முசிறியே. யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கூறுகிறார். ஆண்டு அவர் பேரியாற்றைச் 'சுள்ளி' என்னும் பெயராற் சுட்டுகிறார். (நம் சுள்ளிக்கல்லுக்கும் அதற்கும் உறவு கொண்டாட ஆசை எழுகிறது, ஒலியொப்புமை மட்டும் சான்றாகாதாகலின் விடுக்கிறோம்.) 1341-இல் எழுந்த பெருவெள்ளத்தால் பழைய துறை தூர்ந்து கொச்சித் துறை திறந்தது என்பது வழிவழிச் செய்தி. 2007 முதல் பட்டணம் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த அகழ்வில் உரோமானியச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. அவ்வூரே முசிறி எனக் கொள்வோர் பலர், ஐயுறுவோரும் உளர்.

முதல் விழாவில் விவான் சுந்தரம் என்னும் கலைஞர் அப்பட்டணத்துப் பானை ஓடுகளையே பரப்பி, ஒரு நகரமாக அமைத்து, மிளகையும் உடன் சேர்த்தார். 'கறுப்புப் பொன்' என்பது அதன் பெயர். மிளகு ஏற்றுமதி செய்த இடத்திலேயே முசிறியின் ஓடுகள் காட்சிக்கு வந்தமை எண்ணத்தக்கது. அவ்வோடுகளைப் புரிந்துகொள்ள ஓவியப் பயிற்சி வேண்டுவதில்லை. சங்கப் பாட்டைப் பள்ளியிற் படித்த எவர்க்கும் அவை உறவு.

2016-இல் வந்த சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தா வேறொன்று செய்தார். கிடங்கொன்றில் கடல்நீரைத் தேக்கிச் சுவரிற் கவிதை வரிகளை அமைத்தார். நாடுவிட்டு வேறு கரை தேடிய வழியில், 2015-இல் கடலில் மாண்ட சிரியச் சிறுவன் ஒருவனுக்காகப் பாடியவை அவை. காண்போர் நீரில் இறங்கி நடந்தே அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம் முன்னோர்க்கு இரயில் இருந்தது, கரையும் கிடைத்தது. அந்நீரில் நம்முள் எத்தனை பேர் கால்நனைத்தோம்?